உள்ளே விடாத பெட்டியும் இரண்டு கோணியும்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ல, ள, ழ மூன்றும் என்னிடம் நாற்காலி மாறி மாறி உட்காரும். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. நம் அலுவலக மன்றத்தின் கையெழுத்து இதழை நடத்தும் சாந்தா மேடம், "மாணிக்கம், இந்த வருஷம் நீங்க ஒருத்தர்தான் வெளிநாடு போய் வந்திருக்கீங்க, எழுதித் தாங்க" என்று நான்கு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பிழைகளைத் தானே திருத்திவிடுவதாகச் சொன்னதால் துணிந்து எழுதுகிறேன். திருத்தாமல் விட்டிருந்தால் அது அவர் பொறுப்பு.

வெளிநாடு என்று அவர் கேலி செய்தது காரைக்காலை. அதைத் தொடங்கி வைத்தவள் என் மனைவி. "நாலு நாள் காரைக்கால் போகணும்" என்றதும், "அது வெள்ளைக்காரன் வெச்சிருந்த ஊராச்சே, பாஸ்போட்டு வேணாமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டாள். நான் புறப்பட்ட அன்று வில்லிவாக்கத்தில் எங்கள் தெருவே வாசலில் நின்றது. தண்ணீர் லாரிக்குக்கூட அவ்வளவு கூட்டம் நின்றதில்லை.

என்னைத் தெரியாத பிரிவுகளும் இந்த இதழைப் படிப்பதால் ஒரு வார்த்தை. நம் கம்ப்யூட்டர் அறையில் தரைக்கு மேலே இன்னொரு தரை போட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் வயர்கள் ஓடும். அந்த இடுக்கில் ஊர்ந்து போய் வயர் இழுப்பவன் நான். எனக்கு அந்த வேலை மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அங்கே யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். அறையில் டெலிபோன் மணி அடித்தால் நான் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடுவேன். இந்தப் பயணம் வரைக்கும், எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட நான் டெலிபோனில் பேசியதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். காரைக்காலில் நம் கம்பெனிக்கு ஒரு சின்ன உரக் கிளை இருக்கிறது. நான் போவதற்கு எட்டு மாதம் முன்பு அங்கே இரண்டு டெர்மினல் வைத்தோம்; திரையும் விசைகளும் உள்ள பெட்டி அது. காலையில் அதைப் போட்டு, தன் பெயரையும் ரகசியச் சொல்லையும் தட்டினால், தனி லைன் வழியாக அது மெட்ராஸுக்கு வரும். இங்கே உள்ள கம்ப்யூட்டர் ஆளை அடையாளம் பார்த்து உள்ளே விடும். மற்ற ஊர்க் கிளைகளில் ஒரு வாய் காபி குடிப்பதற்குள் விட்டுவிடும். காரைக்காலில் மட்டும் அரை மணி, சில நாள் முக்கால் மணி. உள்ளே போய்விட்டால் ஒரு குறையும் கிடையாது, ஓட்டம்தான். வாசலில் மட்டும் தகராறு.

என்ஜினியர் சார் இரண்டு தடவை நேரில் போய்ப் பார்த்தார். அவர் போன இரண்டு தடவையும் பெட்டி உடனே உள்ளே விட்டது. அவர் திரும்பி வந்த மறுநாளே மறுபடி முக்கால் மணி. அந்த ஊர்க்காரர்கள் வேலை செய்யச் சோம்பல்பட்டு ஏதோ செய்கிறார்கள் என்று அவருக்கு ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. மூன்றாம் தடவைக்கு என்னைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாரு. என்னன்னு தெரிஞ்சா சரி பண்ணு. தெரியலன்னா ரெண்டு பெட்டியையும் கழட்டி எடுத்துனு வா. கும்பகோணம் கிளைக்குக் குடுத்துடலாம்."

பெட்டிகளைக் கட்டிக்கொண்டு வர இரண்டு பெரிய கோணியும் ஒரு சுருள் கயிறும் கொடுத்தார். மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

பயணம் ஆவணி மாதத்தில். வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போகிறவர்களால் பஸ் பிதுங்கியது. என் பக்கத்தில் காவி வேட்டி கட்டிய ஒரு பெரியவர் உட்கார்ந்து, சிதம்பரம் தாண்டியதும் என் தோளில் தலையை வைத்துத் தூங்கிவிட்டார். நல்ல கனமான தலை. காரைக்கால் வந்ததும் கண்டக்டர் மூன்று முறை கூவினார். நான் "இறங்கணும்" என்றேன். நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. தோளை அசைத்தால் பெரியவர் விழித்துக்கொள்வார். பஸ் புறப்பட்டுவிட்டது.

நாகூரில் அவராகவே விழித்து, "நீங்க எங்க இறங்கணும்?" என்று கேட்டார்.

"காரைக்கால்."

"அது அப்பவே போயிருச்சே! வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?" என்று என்னைத்தான் திட்டினார்.

எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன். ஆக, முதல் வெளிநாட்டுப் பயணத்திலேயே எல்லையை மூன்று முறை தாண்டியவன் நான். எல்லைச் சாவடி வந்ததும் கோணியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் சிரித்தார். "பயப்படாதீங்க. காரைக்காலுக்குள்ள வர்றவனை எவனும் தொட மாட்டான். வெளிய போகையிலதான் கோணியைத் தட்டிப் பாப்பாங்க, பிராந்தி பாட்டில் சத்தம் கேக்குதான்னு."

ஊருக்குள் இறங்கியதும் வழி கேட்க வேண்டும். கேட்பதற்கு நடப்பது மேல் என்று நடந்தேன். சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர் ஒருவர் முனையில் நின்றார். மெட்ராஸில் அப்படி ஒரு தொப்பியை நாடகத்தில்தான் பார்க்கலாம். அவரைக் கடந்து போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். அவரே கூப்பிட்டார்.

"என்னங்க, மூணு தடவை போறீங்க வர்றீங்க? தொப்பி நல்லா இருக்கா?"

முகவரிச் சீட்டை நீட்டினேன். அரசலாற்றுப் பக்கம் ஒரு பழைய மாடி வீட்டைக் காட்டி அனுப்பினார்.

கிளையில் மூன்று பேர். பெரியவர் அந்துவான் ஐயா. அறுபதைத் தொடும் வயது, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, மீசை மட்டும் கறுப்பு. கிளைக்குப் பொறுப்பாளர் அவர்தான். டெர்மினலில் உட்காருவது ஸ்டெல்லா மேரி. கோவில்பத்திலிருந்து சைக்கிளில் வரும் பெண். இன்னொரு டெர்மினல் கிடங்குக் குமாஸ்தா கலியபெருமாளுடையது. சுரக்குடிக்காரர், அங்கே அவருக்குச் சொந்தமாக நிலமும் உண்டு. நாற்று நடவு நேரமாதலால் கால்சட்டை ஓரத்தில் எப்போதும் கொஞ்சம் சேறு இருந்தது.

நான் படியேறியதும் அந்துவான் ஐயா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "போன்ஜூர், முசே. மெட்ராஸே நேர்ல வந்திருக்கு. உக்காருங்க."

பிரெஞ்சில் 'வணக்கம், ஐயா' என்று அர்த்தமாம். என்னை முசே என்று யாரும் அழைத்ததில்லை. என் கையை யாரும் குலுக்கியதும் இல்லை. நான் கையைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறந்து நின்றேன். அடுத்து ஸ்டெல்லா குலுக்கினார், கலியபெருமாள் குலுக்கினார். வாட்ச்மேன் கேட்டிலிருந்து வந்து குலுக்கிவிட்டுப் போனார். மாலை விடைபெறும்போது மறுபடி எல்லோரும். காலையில் வந்ததும் அவர்களுக்குள்ளேயே ஒருவர் விடாமல் கை கொடுத்துக்கொண்டு, வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்கள். மெட்ராஸில் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பது கையெழுத்துப் போடும் இடத்தில் பேனாவுக்காக அடித்துக்கொள்ளும்போதுதான்.

"உரம் வாங்க வர்றவங்களுக்கும் இதேதாங்க" என்றார் கலியபெருமாள். "உள்ள நுழைஞ்சதும் ஐயாவுக்கு வணக்கம் சொல்லாம யூரியா கேட்டா, யூரியா கிடையாது. வெளிய போய் மறுபடி வரணும்."

"அது என்ன பழக்கம், கதவைத் தொறந்ததும் யூரியான்னு?" என்றார் ஐயா.

அப்போதுதான் ஸ்டெல்லா என் கையில் இருந்ததைப் பார்த்தார். "ரெண்டு கோணி எதுக்குங்க?"

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பொய் சொல்லவும் எனக்கு அதிகம் தெரியாது. முதலில் நாக்கில் வந்ததைச் சொன்னேன். "கருவாடு."

"ரெண்டு கோணி நிறையவா?"

"வீட்டுல ரொம்பப் பிடிக்கும்."

ஸ்டெல்லாவின் முகம் மலர்ந்தது. "எங்க சித்தப்பா திருவேட்டக்குடிதாங்க. சொல்லிட்டேன்னா போதும், நல்ல சரக்காத் தருவாரு." கலியபெருமாள் என் பின்னாலிருந்த கயிற்றுச் சுருளையும் பார்த்துவிட்டு, "பலமாத்தான் கட்டப் போறாரு" என்றார். அந்துவான் ஐயா கோணியைப் பார்த்தார், பிறகு டெர்மினல்களைப் பார்த்தார்.

அன்று ராத்திரி சாப்பாடு ஒரு முஸ்லிம் ஹோட்டலில். இடியாப்பமும் பாயாவும். முதலாளியை எல்லோரும் அண்ணன் முறையில் நானா, நானா என்று அழைத்தார்கள். அவரே பக்கத்தில் நின்று வைத்தார். "போதும்" என்ற சொல் எனக்கு வருவதற்குள் இன்னும் இரண்டு இடியாப்பம் வந்துவிடும். ஒன்பதாவதில் அவரே நிறுத்தி, "மெட்ராஸ்ல ஆளைப் பட்டினி போட்டா அனுப்புறாங்க?" என்று மற்றவர்களைப் பார்த்துக் கேட்டார். வீட்டுக்கு எழுதிய கார்டில் இதை நான் எழுதவில்லை.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு டெர்மினல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஸ்டெல்லா பெயரைத் தட்டினார். உடனே உள்ளே விட்டது. கலியபெருமாள் தட்டினார். உடனே விட்டது.

"பாத்தீங்களா! நேத்துக் காலையில நாப்பது நிமிஷம் நின்னோம்" என்றார் ஸ்டெல்லா. அவர் குரலில் சந்தோஷம் இல்லை, அழுகை இருந்தது. "சார் வந்தப்பவும் இப்படித்தான். நாங்க பொய் சொல்றோம்னு நெனச்சுக்கிட்டு போயிட்டாரு. இந்தப் பெட்டி வந்த பிறகுதாங்க என்னை நிரந்தரம் பண்ணாங்க. அதுவே எனக்கு இப்படிக் கெட்ட பேரு வாங்கித் தருது."

பெட்டி போனால் அவர் வேலையும் போகும். எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. மேசைக்குக் கீழே கோணி மேல் என் கால் பட்டுக்கொண்டிருந்தது. காலை இழுத்துக்கொண்டேன்.

வயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தன. சுவரோரம் ஸ்டூலில் மோடம் இருந்தது. டெர்மினல் பேசுவதை டெலிபோன் லைனுக்கு ஏற்றாற்போல் மாற்றி அனுப்பும் டப்பா அது. அதன் பக்கத்தில், மெட்ராஸில் இருப்பது போலவே, ஒரு கறுப்பு ரிசீவர் தொங்கியது. லைனைச் சோதிக்கும்போது இரண்டு ஊர் என்ஜினியர்களும் பேசிக்கொள்வதற்காக வைத்தது. சோதனை முடிந்தால் அதை யாரும் தொடுவதில்லை. மெட்ராஸ் ரிசீவரில் தூசி துடைக்கிற வேலை என்னுடையது, அதனால் அதில் எப்போதும் தூசி இருக்கும். இங்கே இருந்ததோ பளபளவென்று, கீழே பூப்போட்ட துணி விரித்து, சாமிப் படம் மாதிரி இருந்தது. எவ்வளவு சுத்தமான மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வியாழக்கிழமையும் பெட்டி உடனே விட்டது. நோயாளி முன்னால் வைத்தியர் உட்கார்ந்துகொண்டு, காய்ச்சல் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற நிலைமை. காலையில் வந்ததிலிருந்து என்னென்ன செய்வீர்கள், ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்று ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். இவ்வளவு பேசியதே எனக்கு வியர்த்துவிட்டது.

"கதவைத் தொறப்போம். கூட்டுவோம். பெட்டி உறையை எடுத்து உதறுவோம். சுவிட்சைப் போடுவோம். பச்சை விளக்கு வந்ததும் பேரைத் தட்டுவோம்" என்றார் ஸ்டெல்லா.

"வேற?"

"வேற என்னங்க இருக்கு?"

மறுநாள் வெள்ளி. கடைசி நாள். மாலையில் அவர்கள் மூவரும் சேர்ந்து எனக்கு ஒரு ஏற்பாடு செய்துவிட்டார்கள். காலையில் கலியபெருமாளின் சைக்கிளை எடுத்துக்கொண்டு நான் நேராகத் திருவேட்டக்குடி போக வேண்டும். சித்தப்பா காத்திருப்பார். கருவாடு கட்டிக்கொண்டு பதினொரு மணிக்கு வந்தால் போதும். வேண்டாம் என்று சொல்ல எத்தனையோ வழி யோசித்தேன். கடைசியில் சரி என்று தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்குக் கோணி இரண்டையும் கேரியரில் வைத்துக் கிளம்பினேன். காற்று குளிர்ச்சியாக இருந்தது. வழியெல்லாம் வாய்க்காலில் தண்ணீர் கரை தட்டி ஓடியது. எங்கள் தெருவில் அந்தத் தண்ணீருக்கு ஒரு கொலையே விழுந்திருக்கும். கோட்டுச்சேரி போகும் சாலையில் பாதிகூடப் போகவில்லை, பின் சக்கரம் ஒரு பெருமூச்சு விட்டுப் படுத்துவிட்டது. பஞ்சர் கடையில், "வேளாங்கண்ணிக்குப் போற சைக்கிள் ஏழு நிக்குது, பத்து மணி ஆகும்" என்றார்கள். தள்ளிக்கொண்டு திரும்பினேன்.

அலுவலகம் வந்தபோது எட்டே முக்கால். இப்போது முன்வாசல் வழியாகப் போனால் கலியபெருமாள் பதறுவார், ஸ்டெல்லா யாரையாவது வாடகை வண்டிக்கு அனுப்புவார், ஐயா கை குலுக்குவார். இவ்வளவையும் தாங்க எனக்குத் தெம்பில்லை. சைக்கிளைப் பின்சுவரில் சாய்த்தேன். அங்கே ஒரு ஏணி கிடந்தது. லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்தை மட்டும் நான் இன்னும் பார்க்கவில்லை. ஏணியைப் போட்டு ஏறி, லைனின் ஓசையைக் கேட்பதற்காக நான் கொண்டுவந்திருந்த சோதனை ரிசீவரின் இரண்டு கவ்விகளையும் வயரில் மாட்டிக் காதில் வைத்தேன்.

லைன் சுத்தமாக இருந்தது. மோடம் கீச்சிடும் ஓசை மட்டும். ஒன்பது மணி. திடீரென்று காதுக்குள் ஒரு குரல் இடி மாதிரி விழுந்தது.

"போன்ஜூர், மெட்ராஸ்! காரைக்கால் பேசுறேன். எல்லாரும் சௌக்கியமா? ஸ்டெல்லா மேரி வர்றாங்க. உள்ள விடுங்க!"

ஏணியிலிருந்து விழப் பார்த்தேன். வயரைப் பிடித்துக்கொண்டேன். பிடித்திருக்கக் கூடாது, ஆனால் அந்த நேரத்தில் வேறெதுவும் கைக்கு எட்டவில்லை.

லைனில் பெயர் போகும் கிரீச் ஓசையும் ஐயாவின் மூச்சும் சேர்ந்து கேட்டன. மெட்ராஸிலிருந்து பெட்டி ஏதோ கொர்ரென்றது. ஐயா மரியாதையாக, "உங்களுக்கும் அப்படியே" என்றார். ஸ்டெல்லாவின் குரல் தூரத்தில், "விடலைங்க ஐயா, தப்புப் பேருங்குது." ஐயா இன்னும் சத்தமாக, "மெட்ராஸ்! ஸ்-டெல்-லா மே-ரி! நம்ம பொண்ணுதான்!" மறுபடி கிரீச். மறுபடி கொர். மூன்று தடவை தப்பாகப் போனால் கம்ப்யூட்டர் பத்து நிமிஷம் கதவைச் சாத்திவிடும். சாத்திவிட்டது. ஐயா ரிசீவரை வைக்கவே இல்லை. பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார். அவர் கை வலித்து வைக்கிறவரை எந்தப் பெயரும் உருப்படியாகப் போய்ச் சேராது. எட்டு மாதத்து முக்கால் மணி என் காதில் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அரை மணி நேரம் ஏணியிலேயே நின்றேன். பிறகு லைனில் ஒரு பெருமூச்சு, டக்கென்று வைக்கும் சத்தம். அடுத்த நொடியே ஸ்டெல்லா, "தொறந்துருச்சு!" என்று கத்தியது சன்னல் வழியாகவே கேட்டது.

முன்வாசல் வழியாகப் போனேன். எதிர்பார்த்தபடி கலியபெருமாள் சைக்கிளுக்குப் பதறினார், ஐயா கை குலுக்கினார். நான் ஸ்டெல்லாவிடம், "காலையில செய்யுறதெல்லாம் சொன்னீங்களே, ஐயா லைன்ல பேசுறதை ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

அவர் உண்மையிலேயே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "வணக்கம் சொல்றது வேலையாங்க?"

நான் தரைக்குக் கீழே போய்விட்டால் நன்றாக இருக்கும். அந்தக் கட்டடத்தில் ஒரே தரைதான். அந்துவான் ஐயாவை மட்டும் கிடங்குப் பக்கம் தனியாகக் கூப்பிட்டேன். யூரியா மூட்டைகளுக்கு நடுவில் நின்று எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், "நாங்க இருக்கும்போது நீங்க லைன்ல பேசுறதில்லையே?" என்றேன்.

"மெட்ராஸ் நேர்ல வந்து உக்காந்திருக்கையில போன்ல வணக்கம் சொன்னா, அது மரியாதையா முசே?"

"பேசணும்னு யார் சொன்னது?"

"உங்க என்ஜினியர்தான். பெட்டி வெச்ச அன்னிக்கி, அவர் முதல்ல இந்த ரிசீவரை எடுத்தாரு. மெட்ராஸ்ல ஒருத்தர் குட் மார்னிங் சொன்னாரு. இவரும் சொன்னாரு. அப்புறம் வெச்சாரு. பேரைத் தட்டச் சொன்னாரு. கதவு தொறந்துச்சு. நானும் அதையேதான் செய்யுறேன். ஆனா அன்னிக்கிப் பேசுன மாதிரி இப்ப யாரும் பதில் பேசுறதில்ல. கரகரன்னு தொண்டையைச் செருமுறாங்க. முழுப் பதில் வரட்டும்னு நிக்கிறேன்."

 ஒரு மூட்டையின் தையலை விரலால் நெருடினேன். அப்புறம் சொன்னேன். "ஐயா, அந்தச் செருமல்தான் பெட்டி பேசுற பேச்சு. ஸ்டெல்லா பேரை அது மெட்ராஸுக்குச் சொல்லும்போது, அதே லைன்ல நீங்களும் பேசுறீங்க. ரெண்டு பேச்சும் கலந்து மெட்ராஸுக்குப் புரியல."

அவர் முகம் மாறிவிட்டது. "குறுக்க பேசுறேனா? நானா?"

நான் தலையசைத்தேன்.

"எட்டு மாசமா?" அவர் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்க்காமலே, "அந்தக் கோணி கருவாட்டுக்கு இல்லன்னு எனக்கு மொத நாளே தெரியும் முசே. கருவாடு வாங்குறவன் மெட்ராஸ்லேருந்தே பெட்டி அளவுக்குக் கோணியும் கயிறும் கொண்டு வருவானா? அந்தப் பொண்ணுகிட்ட நான் சொல்லல" என்றார்.

"இனி கழட்ட வேண்டாம் ஐயா. ஸ்டெல்லா பேரைத் தட்டுறதுக்கு முன்னாடியே நீங்க பேசிட்டு, ரிசீவரை வெச்சுட்டாப் போதும்."

"பேசுறதை நிறுத்தணும்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி. எட்டு அம்பத்தஞ்சுக்குப் பேசுறேன். பதில் வந்ததும் வெச்சுடுறேன். ஆனா பதில் வராம எப்படி வெக்கிறது? எதிராளி வணக்கம் சொல்லல, நான் பாட்டுக்கு வெச்சா, எனக்கும் யூரியான்னு கேக்குறவனுக்கும் என்ன வித்தியாசம்?"

 இதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. 

"நான் சொல்றேன்" என்றேன். "அந்தப் பக்கத்து ரிசீவர் என் பொறுப்புத்தான்."

சனிக்கிழமை காலை பஸ் ஏறும்போது கலியபெருமாள் இரண்டு கோணியையும் தூக்கிவந்து என் காலடியில் வைத்தார். இரண்டும் நிறைந்து, வாய் தைத்து, என்ஜினியர் சார் கொடுத்த அதே கயிற்றால் கட்டியிருந்தன. நெத்திலி ஒன்றில், வாளையும் மற்றதும் இன்னொன்றில். முந்தின நாள் மாலையே ஸ்டெல்லாவின் சித்தப்பா நேரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார். "கோணி காலியாப் போகக் கூடாதுல்ல" என்றார் அந்துவான் ஐயா. எல்லோரும் கை குலுக்கினார்கள். இந்தத் தடவை என் கை தானாகவே முன்னால் போனது.

எல்லை தாண்டியதும் சாவடியில் ஒரு காவலர் ஏறினார். கோணியைக் கம்பால் தட்டினார். பாட்டில் சத்தம் வரவில்லை. சந்தேகப்பட்டுக் குனிந்து முகர்ந்தார். அவர் அவ்வளவு வேகமாக இறங்கிப்போவார் என்று நான் நினைக்கவில்லை. கடலூர் வருவதற்குள் என்னைச் சுற்றி நான்கு இருக்கை காலி. இந்தத் தடவை என் தோளில் தூங்க யாரும் இல்லை. வாழ்நாளில் அவ்வளவு வசதியாக நான் பஸ்ஸில் போனதில்லை.

திங்கட்கிழமை. என்ஜினியர் சாரிடம், "எட்டு அம்பத்தஞ்சுக்கு லைனைப் பேசிப் பாக்கணும் சார், அப்புறம் பேரு போட்டா சரியா வரும்" என்று மட்டும் சொன்னேன்.

"யார் பேசுறது?"

"நான்."

அவர் மேனேஜர் அறைக்குப் போய் அவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "இன்னிக்கி ஒன்பது மணிக்கு அந்தப் பொண்ணு உள்ள வரலன்னா நாளைக்கே லாரி போகும்" என்றார். சாந்தா மேடம் உட்பட அறை முழுக்க வேலையை நிறுத்திவிட்டு நின்றது. நான் பேசுவதைக் கேட்கத்தான்.

மோடத்தின் சுவிட்சைப் பேச்சுப் பக்கம் திருப்பிவிட்டு, ரிசீவரைத் தூசியோடு எடுத்துக் காதில் வைத்தேன். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு மிகவும் தெளிவாக, பக்கத்து மேசையிலிருந்து பேசுவது போல ஒரு குரல்.

"போன்ஜூர், மெட்ராஸ்."

எனக்கு வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

"மெட்ராஸ்?" குரல் கொஞ்சம் தயங்கியது. "காரைக்கால் பேசுறேன்."

என்ஜினியர் சார் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு ஐம்பத்தேழு. என் காலடியில் தரைப் பலகை இருந்தது. தூக்கினால் உள்ளே போய்விடலாம். அந்தப் பக்கத்தில் அவர் வைக்க மாட்டார். ஸ்டெல்லா கையை விசைகள் மேல் வைத்துக்கொண்டு காத்திருப்பார். எட்டு ஐம்பத்தெட்டு.

"மெட்ராஸ்? யாரும் இருக்கீங்களா?"

"வணக்கம் காரைக்கால்!" என்றேன். பஸ்ஸில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து வந்துவிட்டது போலிருக்கிறது, அறைக்கு வெளியே வராந்தாவில் போன பியூன் நின்றுவிட்டான். "நான்தான் மாணிக்கம்! இங்க எல்லாரும் சௌக்கியம்! ஸ்டெல்லாவை உள்ள வரச் சொல்லுங்க!"

 "மெர்சி, முசே" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னது குரல். டக்.

மோடத்தின் சுவிட்சைப் பழையபடி திருப்பினேன். என்ஜினியர் சார் கடிகாரத்தை மறுபடி கட்டக்கூட இல்லை, திரையில் ஸ்டெல்லா மேரியின் பெயர் வந்து நின்றது. அதன் கீழே கலியபெருமாள்.

"என்னய்யா பண்ண?" என்றார் சார்.

"பேசிப் பாத்தேன் சார்."

அவர் பழுதுப் புத்தகத்தில், 'லைன். சரிசெய்யப்பட்டது' என்று எழுதினார். பெட்டிகள் காரைக்காலிலேயே இருக்கின்றன. கருவாட்டில் பாதியை அறையில் பங்கு வைத்தேன். மீதிப் பாதியால் எங்கள் தெருவில் எனக்கு வெளிநாடு போய் வந்தவனுக்குரிய மதிப்பு இன்னும் குறையவில்லை.

அன்று முதல் தினமும் எட்டு ஐம்பத்தைந்துக்கு நான்தான் ரிசீவரை எடுக்கிறேன். அதில் இப்போது தூசி இல்லை. இதை எழுதலாமா என்று இன்று காலை அந்துவான் ஐயாவிடமே கேட்டேன்.

"எழுதுங்க முசே" என்றார். "நான் குறுக்க பேசுனதையும் எழுதுங்க. எட்டு மாசம் பதில் சொல்லாம இருந்தது யாருன்னும் எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

4-1-1989, புதன்கிழமை.